கிராம்பு எண்ணெய்க்கு நானோ எதற்கு?

பல் மருத்துவரின் அறையில் காரமாக மூக்கைத் தொடும் வாசனை பெரும்பாலும் கிராம்பினுடையது. யூஜெனால் என்ற எண்ணெய்ப் பொருளைத் துத்தநாக ஆக்சைடுப் பொடியோடு குழைத்துப் பல் குழியைத் தற்காலிகமாக அடைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி, பொதுவாக 70 முதல் 90 சதவீதம் வரை, யூஜெனால்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைத் தோட்டங்களில் மொட்டு விரியும் முன்பே பறித்து வெயிலில் உலர்த்தும் கிராம்பிலும் மணமும் காரமும் தருவது அதுவே. அந்தக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

யூஜெனால் கிருமிகளைக் கொல்லும். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் ஏன் கிராம்பு எண்ணெயை எழுதித் தருவதில்லை? இதற்கான பதிலைப் புரிந்துகொண்டால், “நானோ மூலிகை மருந்து” என்று செய்திகளில் அடிபடும் விஷயத்தில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, அந்தச் செய்திகளில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்பது.

முதலில், இப்படியொரு தேடல் ஏன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிக்கொண்டே வருகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் தன் நோபல் உரையிலேயே, குறைவான அளவில் மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். அதுதான் நடந்தது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. புதிய மருந்துகள் வரும் வேகம் போதவில்லை. அதனால் பழைய இடங்களை மறுபடியும் புரட்டிப் பார்க்கிறார்கள். செடிகள் அவற்றில் முக்கியமான இடம்.

செடியால் ஓட முடியாது. பூஞ்சை தாக்கினாலும் பூச்சி கடித்தாலும் நின்ற இடத்தில் நின்றே சமாளிக்க வேண்டும். எனவே தற்காப்புக்கு வேதிப்பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. மஞ்சளில் குர்குமின், ஓமத்தில் தைமால், பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின், மரமஞ்சளில் பெர்பெரின் என்று பட்டியல் நீளும். யூஜெனால் பாக்டீரியாவின் மேலுறைச் சவ்வுக்குள் நுழைந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய உப்புகளும் ஆற்றல் தரும் மூலக்கூறுகளும் வெளியே கசிந்து கிருமி சாகிறது. பல ஆன்டிபயாட்டிக்குகள் கிருமியின் ஒரே ஒரு உறுப்பைக் குறிவைப்பவை. அந்த உறுப்பு சற்றே மாறிவிட்டால் மருந்து பயனற்றுப் போகும். சவ்வையே குலைக்கும் பொருளிடமிருந்து அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. எளிதில் என்றுதான் சொல்கிறேன். முடியவே முடியாது என்று சொல்லவில்லை.

பெர்பெரினின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அது பாக்டீரியாவுக்குள் நுழைந்தாலும், பாக்டீரியா தன் சவ்வில் உள்ள ஒரு பம்பால் அதை உடனுக்குடன் வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் பெர்பெரின் உண்டாக்கும் ஒரு செடியினத்தில், அந்தப் பம்பையே அடைத்துவிடும் வேறொரு பொருளும் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் கண்டார்கள். தனியாக வைத்துப் பார்த்தால் அந்தப் பொருளுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. செடியில் இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிக்கும்போது நாம் எதையெல்லாம் தவற விடுகிறோம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

எங்கே இடிக்கிறது

ஒரு டம்ளர் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால், தேங்காயெண்ணெய்போல அது மேலே மிதக்காது. தண்ணீரைவிட அடர்த்தி அதிகம் என்பதால் முத்து முத்தாகக் கீழே போய் உட்கார்ந்துவிடும். எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பும். நம் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான். இரத்தம், எச்சில், புண்ணில் ஊறும் நீர் எல்லாவற்றிலும் இந்த எண்ணெய் ஒதுங்கித்தான் நிற்கும். போதாக்குறைக்கு அது காற்றில் ஆவியாகிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டுக் கெட்டும் போகும். குர்குமின் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. விழுங்கினால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அப்படி உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

இன்னொரு தடை கிருமியின் பக்கம் இருக்கிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் 1884-இல் கண்டறிந்த சாயமுறையின்படி பாக்டீரியாக்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் கிராம்-நெகட்டிவ் என்ற பிரிவுக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை அது எளிதில் உள்ளே விடாது. மருத்துவமனைகளில் மருந்துக்கு அடங்காமல் பெரும் தொல்லை கொடுக்கும் கிருமிகளில் பல இந்தப் பிரிவைச் சேர்ந்தவை.

கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் மிகக் குறைந்த அளவை ஆய்வகங்களில் அளப்பார்கள். நல்ல ஆன்டிபயாட்டிக் ஒன்றுக்கு, அது அடக்கக்கூடிய கிருமியிடம், மில்லிலிட்டருக்கு ஓரிரு மைக்ரோகிராமோ அதற்கும் குறைவோ போதும். யூஜெனாலுக்குச் சில நூறு மைக்ரோகிராம் முதல் ஆயிரத்துக்கு மேல்கூடத் தேவைப்படுகிறது. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு மூலிகைப் பெருமை பேசுவதில் பயனில்லை. நானோ தொழில்நுட்பம் இந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் குறைக்கப் பார்க்கிறது: சரக்கைப் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சரக்கின் சொந்த வீரியத்தை அது கூட்டுவதில்லை.

எவ்வளவு சிறியது

ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். தோல் புண்களில் சாதாரணமாகக் காணப்படும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா ஏறத்தாழ 1,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ளதை நானோ அளவு என்பார்கள். மருந்துத் துறையில் சில நூறு வரையும் தாராளமாக அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள்.

சிறிதாக்குவதால் என்ன கிடைக்கிறது? பரப்பு. பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மொத்தப் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பக்கத்துக்கு ஒரு நானோமீட்டர் உள்ள கனசதுரங்களாக நறுக்கினால், எல்லாத் துண்டுகளின் பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர் ஆகும். கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். பொருள் அதே அளவுதான். கிருமியைத் தொடும் வாய்ப்பு மட்டும் அத்தனை மடங்கு பெருகுகிறது.

ரப்பர் பால் சொல்லித்தரும் பாடம்

எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் நிறுத்திவைக்கும் கலவை நானோ பால்மம். குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் அவர் தினமும் விடியற்காலையில் சிரட்டையில் பிடிக்கிறார்.

ரப்பர் தண்ணீரில் கரையாது. ஆனாலும் மரத்தை வெட்டியதும் வடிவது கட்டியாக இல்லாமல் பாலாக ஓடுகிறது. தண்ணீரில் ரப்பர் நுண்துகள்களாக மிதப்பதுதான் காரணம். சில துகள்கள் 100 நானோமீட்டர் அளவுக்குச் சிறியவை, சில ஆயிரங்களைத் தொடுபவை. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறையில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று விலக்கும் என்பதால் துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளாமல் விலகியே மிதக்கின்றன. பாலை டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் சேர்த்ததும் அந்த மின்னூட்டம் சமன்பட்டுவிடுகிறது. விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒட்டிக் கட்டியாகின்றன. அந்தக் கட்டியைத்தான் ரோலரில் விட்டு ஷீட் ஆக்குகிறார்கள். பாலாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா சேர்க்கிறார்கள். ஷீட் அடிக்கும் கைக்கு இதெல்லாம் தினசரி வேலை. கொல்லாய்டு வேதியியல் என்ற பெயரில் கல்லூரியில் நடத்தினால் மட்டும் கடினமாகிவிடுகிறது.

இப்போது ரப்பரின் இடத்தில் கிராம்பு எண்ணெயை வையுங்கள். உறை வேண்டும், அதற்குப் பாலிசார்பேட் 80 என்ற, ஐஸ்கிரீமிலும் சேர்க்கப்படும் பொருளையோ, சோயாவிலிருந்தும் முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் எடுக்கும் லெசித்தினையோ பயன்படுத்துகிறார்கள். எண்ணெயை அத்தனை நுண்ணிய துளிகளாக உடைக்க மிகுந்த விசை வேண்டும். மீயொலி அலையைச் செலுத்தியோ, மிக அதிக அழுத்தத்தில் மெல்லிய இடுக்கு வழியாகப் பாய்ச்சியோ உடைக்கிறார்கள். துளிகள் போதுமான அளவு சிறுத்துவிட்டதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. துளியின் அளவு ஒளியின் அலைநீளத்தைவிடக் கணிசமாகக் குறைந்ததும், பால்போல் வெளுத்திருந்த கலவை தெளியத் தொடங்கும். லேசான நீலச் சாயலோடு, கிட்டத்தட்ட தண்ணீர்போலவே ஆகிவிடும்.

செய்துவிட்டால் மட்டும் போதாது, அது நிற்கவும் வேண்டும். யூஜெனாலுக்குத் தண்ணீரில் கொஞ்சம் கரையும் குணம் இருப்பதால், சின்னத் துளிகளிலிருந்து மூலக்கூறுகள் கரைந்து வெளியேறிப் பெரிய துளிகளில் போய்ச் சேரும். சின்னவை மறைந்து பெரியவை கொழுக்கும். சில நாள்களில் நானோ என்ற பெயர் மட்டும் மிஞ்சும். தண்ணீரில் சற்றும் கரையாத இன்னொரு எண்ணெயைச் சேர்த்து இதைத் தடுக்கிறார்கள். தேங்காயெண்ணெயிலிருந்து பிரிக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புகள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகின்றன. கிராம்பும் தென்னையும் ஒரே மாவட்டத்தில் விளைகின்றன என்பதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது தொழிலாகச் செய்யலாமே என்பதற்காகச் சொல்கிறேன்.

பால்மத்தைத் தவிர வேறு சில வண்டிகளும் உண்டு. நம் உடல் செல்களின் சவ்வில் உள்ளது போன்ற கொழுப்பால் ஆன நுண் பைகள் லிப்போசோம்கள்; 1960-களில் அலெக் பாங்ஹாம் என்ற ஆங்கிலேயர் இவற்றை விவரித்தார். இவை ஏதோ எதிர்காலச் சமாச்சாரம் அல்ல. 2021-இல் கறுப்புப் பூஞ்சை நோய் பரவியபோது நாடு முழுவதும் தட்டுப்பாடாகி எல்லாரும் தேடி அலைந்த லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் மருந்து நினைவிருக்கும். ஆம்ஃபோடெரிசின் செடியிலிருந்து வருவதல்ல, மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கிடைப்பது. வெறுமனே கொடுத்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். கொழுப்புப் பைக்குள் அடைத்துக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, வண்டி மாறியது. நானோ வண்டியால் உயிர் காக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

கடற்கரைப் பக்கமும் ஒரு சரக்கு கிடைக்கிறது. இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்துப் பதப்படுத்தினால் கைட்டோசான் கிடைக்கும். இதற்கு நேர்மின்னூட்டம் உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே கைட்டோசான் துகள் தானாகவே கிருமியின் மேல் போய் ஒட்டுகிறது. அதற்குள் செடிப்பொருளை வைத்து அனுப்பினால், மருந்து வழியில் சிதறாமல் கிருமியின் வாசலிலேயே இறங்கும். குளச்சலிலும் முட்டத்திலும் கழிவாகக் கிடக்கும் ஓட்டுக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு.

வெள்ளி விஷயத்தில் கொஞ்சம் நிதானம்

கல்லூரி ஆய்வகங்களில் மிக அதிகமாக நடப்பது இந்தச் சோதனைதான். வெள்ளி நைட்ரேட் கரைசலில் துளசி, வேம்பு, கீழாநெல்லி என்று ஏதாவது இலைச்சாற்றை ஊற்றுவார்கள். சிறிது நேரத்தில் கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாகும். இலைச்சாற்றில் உள்ள பொருள்கள் வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக மாற்றி, நானோ துகள்களாகத் திரளச் செய்வதால் வரும் நிறம் அது. பிறகு அதைக் கிருமிகள் வளரும் தட்டில் வைப்பார்கள். துகள் வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். “மூலிகை நானோ மருந்து கண்டுபிடிப்பு” என்று தலைப்பு தயார்.

இந்தச் சோதனை அழகானதுதான், மாணவர்கள் செய்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே கிருமியைக் கொன்றது யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளி. வெள்ளி அயனிகள் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதிகளோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்க வைக்கும். இலை அங்கே வெள்ளியைத் துகளாக்கவும், துகளுக்கு உறை போடவும்தான் உதவியது. எந்த இலையைப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே வளையம் வருமென்றால், அந்த இலையின் மருத்துவ குணத்தைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. மருந்துவாழ்மலையில் பறித்த மூலிகையாக இருந்தாலும் இதே கதைதான்.

வெள்ளிக்குத் தீங்கே இல்லை என்பதும் உண்மையல்ல. வெள்ளிக் கரைசலை நீண்ட நாள் குடித்தவர்களுக்குத் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட நிலை. வெள்ளியைத் தாங்கும் பாக்டீரியாக்களும் 1970-களிலேயே தீக்காயப் பிரிவில் தென்பட்டிருக்கின்றன. தீக்காயக் கட்டுகளில் மருத்துவர் மேற்பார்வையில் வெள்ளி பயன்படுகிறது, அது வேறு. இணையத்தில் விற்கும் பாட்டிலை வாங்கிக் குடிப்பது வேறு.

கன்னியாகுமரி, சித்த மருத்துவம் வேரூன்றிய மாவட்டம் என்பதால் இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும்: பஸ்பமும் செந்தூரமும் அந்தக் கால நானோ மருந்துகள் என்று. சில பஸ்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள் என்பது சரிதான். சாம்பலிலும் அடுப்புப் புகையிலும்கூட அவை உண்டு. துகள் சிறியதாக இருப்பது ஒரு மருந்தைப் பற்றிய தகவல். அது பலன் தரும் என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ சான்று அல்ல. பஸ்பத்தின் பெருமை அது நோயாளிக்குச் செய்யும் நன்மையால் நிலைக்க வேண்டும். நானோ என்ற சொல்லிடம் சான்றிதழ் வாங்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

சிறியது எப்போதும் சிறந்ததா

இல்லை. யூஜெனாலை வைத்தே நடந்த சோதனைகளில், பெரிய துளிகள் கொண்ட பால்மத்தைவிட நானோ பால்மம் கிருமியிடம் குறைவாகவே வேலை செய்த நிகழ்வு உண்டு. யோசித்தால் புரியும். துளிகள் சிறுத்துப் பரப்பு பெருகும்போது அதை மூட உறைப்பொருளும் அதிகம் வேண்டும். யூஜெனாலில் ஒரு பகுதி அந்த உறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வருவதில்லை. சரக்கை ஏற்றுவதில் காட்டும் கவனத்தை இறக்குவதிலும் காட்டியாக வேண்டும். எந்த அளவுத் துளி, எந்த உறை, எந்தக் கிருமி, எந்தச் சூழல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடை தேட வேண்டியிருக்கிறது.

தட்டில் கிருமி செத்ததற்கும் நோயாளி குணமாவதற்கும் நடுவே நீண்ட தூரம் உண்டு. துகள் எந்த உறுப்பில் தங்கும், எப்போது வெளியேறும், செல்களை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். விலங்குகளில், பிறகு மனிதர்களில் சோதிக்க வேண்டும். இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-இல் வெளியிட்டது. செடிப்பொருளில் இன்னொரு சிக்கல் உண்டு: மண், மழை, பறித்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து எண்ணெயின் சேர்மானம் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே மருந்தைத் தர வேண்டிய தொழிற்சாலைக்கு இது பெரிய தலைவலி.

ஆகவே விழுங்கும் மாத்திரையாக இவை வருவதற்கு முன், உடம்புக்கு வெளியே பயன்படும் இடங்களில்தான் முதலில் பார்ப்போம் என்று நினைக்கிறேன். புண்ணுக்கு வைக்கும் கட்டு, வாய் கொப்பளிக்கும் நீர், உணவுப் பொட்டலத்தின் உட்பூச்சு ஆகியவற்றில் சோதனைகள் ஏராளமாக நடந்துவருகின்றன. எனக்கு அதிக நம்பிக்கை தருவது பழப்பூச்சு. வாழைப்பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று கொல்லெட்டோட்ரைகம் என்ற பூஞ்சை. கைட்டோசானோடு கிராம்பு எண்ணெய் போன்ற மண எண்ணெய்களைச் சேர்த்த மெல்லிய பூச்சு, அந்தப் பூஞ்சையைக் கட்டுப்படுத்திப் பழம் கனிவதையும் தாமதப்படுத்துகிறது என்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. மட்டிப் பழத்தைத் தொலைதூரச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடைத்தாலே அது பெரிய லாபம். கிராம்பு மணம் பழத்தில் ஏறினால் வாங்குகிறவர் முகம் சுளிப்பாரா என்பதையும் கூடவே பார்த்தாக வேண்டும்.

அதுவரைக்கும் வீட்டில் சில விஷயங்களில் கவனம் தேவை. மிக்ஸியில் அடித்து நானோ பால்மம் செய்ய முடியாது. அதில் கிடைக்கும் துளிகள் ஆயிரக்கணக்கான நானோமீட்டர் அளவிலேயே நிற்கும். கடையில் “நானோ” என்று அச்சிட்ட மூலிகைப் பொருளைக் கண்டால், துகளின் அளவு, செடிப்பொருளின் அளவு, உரிம எண் ஆகியவை உறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கலப்பில்லாத கிராம்பு எண்ணெயை ஈறில் நேரடியாகத் தடவினால் புண்ணாகும். சிறு குழந்தைகள் ஓரிரு டீஸ்பூன் அளவு விழுங்கிக் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்தச் சின்னக் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பல்வலி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் கிராம்பை விட்டுவிட்டுப் பல் மருத்துவரிடம் போங்கள்.